தோட்டத்துக்கு வந்த வெல்டிங்: எதை ஒட்டலாம், எதைத் தொடக் கூடாது?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வெல்டிங் புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான பட்டறைகள், சங்ககிரியில் லாரிப் பணிமனைகள் என்று இந்த வட்டாரமே இரும்பை ஒட்டிப் பிழைக்கிற வட்டாரம்தான். புதிது என்னவென்றால், அந்த இயந்திரம் இப்போது விவசாயியின் மோட்டார் கொட்டகைக்கே வந்துவிட்டது. முன்பு நான்கு பேர் சேர்ந்து உருட்டிய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் இருந்த இடத்தில், ஒற்றைக் கையால் தூக்கிப் போகும் இன்வெர்ட்டர் இயந்திரம். சில ஆயிரம் ரூபாய்க்கு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. உரம் வாங்கப் போனவர் அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

பயிர்களைப் பற்றி எழுத வேண்டிய ஆள் இரும்பைப் பற்றி எழுதுவது ஏன் என்று கேட்கலாம். மானாவாரி நிலக்கடலைக்கு முதல் மழை விழுந்து மண் பதமாகும்போதுதான் கலப்பையில் கொத்து முறியும். செம்மண் மேட்டுக்காட்டில் அந்தப் பதம் சில நாள்தான் தாங்கும். பட்டறைக்காரர் "நாளைக்கு வாங்க" என்றால், விதைப்பு ஒரு மழை தள்ளிப்போனாலும் போகும். மண்ணின் கடினத் தட்டை உடைக்க உளிக்கலப்பை ஓட்டுங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அடியில் பாறை தட்டி அதன் தண்டு வளைந்தால் சிரமப்படுவது நீங்கள்தான். ஆகவே வீட்டில் ஒரு வெல்டிங் இயந்திரம் இருப்பது நல்லதே. நான் அதற்கு எதிரியல்ல.

ஆனால் பட்டறைக்கும் தோட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பட்டறையில் ஒட்டப்படுவது பெரும்பாலும் புதுத் தகடு, புது ஆங்கிள். தோட்டத்தில் கைக்கு வரும் ஒவ்வொரு இரும்புக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒன்றில் டீசல் இருந்திருக்கும், ஒன்றில் பூச்சிமருந்து இருந்திருக்கும். ஒன்றின் மேல் துத்தநாகப் பூச்சு, ஒன்று சூடேற்றித் தோய்த்த எஃகு. ஒன்றுக்குக் கீழே காய்ந்த கோழி எரு. விபத்தும் வருவது அதிலிருந்துதான், ஒட்டு நிற்காமல் போவதும் அதனால்தான். ராடு பிடிக்கும் கலை ஒரு மாதத்தில் வந்துவிடும். 'இதை நான் ஒட்ட மாட்டேன்' என்று சொல்லத் தெரிவதுதான் விவசாயி முதலில் கற்க வேண்டிய வெல்டிங்.

காலி டிரம் காலியானது அல்ல

முதலிடம் டிரம்முக்குத்தான். பழைய 200 லிட்டர் டீசல் டிரம்மை வெட்டித் தொட்டி செய்வது, ஆயில் டிரம்மில் அடுப்பு செய்வது, ஓட்டை விழுந்த டிராக்டர் டீசல் டேங்கை அடைப்பது எல்லாம் கிராமத்தில் சாதாரண வேலைகள். டிரம்மைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது, ஆகவே காலி என்று நினைக்கிறோம். திரவம் நிறைந்த டிரம்மைவிட இப்படிக் 'காலியான' டிரம்தான் ஆபத்தானது. எரிவது டீசல் அல்ல, டீசலின் ஆவி. நிறைந்த டிரம்மில் ஆவிக்கு இடமில்லை. காலி டிரம்மில் ஆவியும் காற்றும் கலந்து தயாராக இருக்கின்றன.

நம் நாட்டு டீசல் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். சேலத்துச் சித்திரை வெயிலே அதைத் தாண்டிவிடுகிறது. அதன் மேல் ராடு வைத்தால், மடிப்பு ஓரங்களில் ஒட்டியிருக்கும் பிசினும் ஆவியாகும். சோப்புத் தண்ணீர் விட்டு அலசினேன், மூடியைத் திறந்து வைத்தேன் என்பதெல்லாம் போதாது, மடிப்புக்குள் இருப்பது அலசலுக்கு வராது. டிரம்மின் மூடியோ அடிப்பாகமோ பிய்த்துக்கொண்டு ஆள் மேல் பாயும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 37-ஆவது பிரிவு இதற்கென்றே ஒரு விதியை எழுதியது. எரியும் பொருளோ வெடிக்கும் பொருளோ இருந்த எந்தத் தொட்டியையும் கலனையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்கவோ தீப்பற்றாதபடி செய்யவோ போதுமான ஏற்பாடு செய்யாமல் வெல்டிங் செய்யவோ வெட்டவோ கூடாது என்பது விதி. தோட்டம் தொழிற்சாலை அல்ல. அங்கே எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. ஆகவே அந்த விதியை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். டீசல் டேங்க் ஓட்டையா? ரேடியேட்டரும் டேங்கும் பழுது பார்க்கும் கடைக்குக் கழற்றிக் கொடுங்கள். தொட்டி வேண்டுமா? பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து இருந்த டிரம், தெளிப்பான் தொட்டி ஆகியவற்றில் இரட்டை ஆபத்து. கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கும், மிச்ச மருந்து சூட்டில் சிதைந்து நச்சுப் புகையாகும். குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்த இரும்பும் அப்படித்தான். வெல்டிங் வெளிச்சம் பட்டால் அதன் ஆவியிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உருவாகும். சாண எரிவாயுக் கலனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தாலே அது வெடிக்கும் கலவை.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. டயர் மாட்டியிருக்கும்போது டிரெய்லர் சக்கரத்தின் ரிம்மில் வெல்டிங் வைக்கக் கூடாது. காற்றைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பதும் தவறு. சூட்டில் உள் ரப்பர் சிதைந்து எரிவாயுவை விடும். அது உள்ளேயே தீப்பற்றினால் டயர் குண்டு போல வெடிக்கும். வேலை முடிந்து சில நிமிடம் கழித்துக்கூட வெடிக்கலாம். டயரைக் கழற்றியே ஆக வேண்டும்.

கோழிப் பண்ணையில் ஒரு பொறி

நாமக்கல் வட்டாரத்தில் கூண்டுக் கம்பி பழுது, தீவனத் தொட்டி பழுது என்று பண்ணைக்குள் வெல்டிங் வேலை ஓயாது. அடியில் காய்ந்த எரு, இறகு, தூசி. ஓரத்தில் சாக்கு, தென்னங்கீற்று. மேலே ஒட்டும்போது சிதறும் பொறிகள் இவற்றின் மேல்தான் விழுகின்றன. பொறி நேராக விழுந்து அணைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது தரையில் குதித்து உருண்டு ஓடும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் வெல்டிங் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்கின்றன. வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே காவல் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. காரணம், காய்ந்த எருவிலும் சாக்கிலும் விழுந்த பொறி உடனே கொழுந்து விடாது. உள்ளுக்குள் கனன்று கொண்டிருந்து, நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது எழும்பும். கூண்டில் இருக்கும் கோழி எங்கே ஓடும்?

கழற்றக்கூடியதைக் கழற்றி வெளியே கொண்டுவந்து ஒட்டுங்கள். முடியாத இடத்தில் எருவை வாரி அகற்றி, தரையை நனைத்து, தகரத் தகட்டை மறைப்பாக வையுங்கள். ஆனால் வெல்டிங் செய்பவர் நிற்கும் இடம் மட்டும் ஈரமாக இருக்கக் கூடாது. இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீவன அரவை அறையில் மாவுத்தூசி பறக்கும்போது வெல்டிங்கே வேண்டாம். மக்காச்சோளத் தூசி காற்றில் கலந்து நின்றால் அதுவும் வெடிக்கும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு மாவு ஆலைகளுக்கும் இது பொருந்தும்.

'எர்த்' என்று நாம் சொல்வது எர்த் அல்ல

பட்டறை வழக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது. இயந்திரத்திலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்று ராடு பிடிக்கும் ஹோல்டருக்கு. மற்றொன்றின் முனையில் இருக்கும் கிளாம்பை எல்லோரும் 'எர்த்' என்கிறார்கள். அது எர்த் அல்ல, கரண்ட் திரும்பிப் போகும் வழி. உண்மையான எர்த் என்பது இயந்திரத்தின் உடலிலிருந்து மூன்று முனை பிளக்கின் பெரிய முனை வழியாகத் தரைக்குப் போவது. கிளாம்ப் மாட்டியிருக்கிறேனே, எர்த் இருக்கிறது என்று நம்பி, பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். உள்ளே கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட்டும் இயந்திரத்தின் தகரப் பெட்டியில் நிற்கும்.

அந்தக் கிளாம்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஒட்டும் இடத்துக்கு ஒரு சாணுக்குள் இருப்பது நல்லது. கலப்பையில் ஒட்டிக்கொண்டு கிளாம்பை டிராக்டர் முன் சட்டத்தில் மாட்டினால், நூறு ஆம்பியர் கரண்ட் பேரிங், ஹைட்ராலிக் ராம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். பேரிங் குண்டுகளில் சிறு சிறு புள்ளியாகக் கருகும். அடுத்த மாதம் அது சத்தம் போடும்போது வெல்டிங் ஞாபகத்துக்கு வராது. கருவியை டிராக்டரிலிருந்து பிரித்துவிட்டு ஒட்டுவதே சரி. பிரிக்க முடியாவிட்டால் பேட்டரி ஒயர் இரண்டையும், முடிந்தால் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

வெல்டிங்கில் வருவது குறைந்த வோல்ட், ஷாக் அடிக்காது என்பது பாதி உண்மை. ஒட்டும்போது 20 முதல் 30 வோல்ட்தான் இருக்கும். ஒட்டாமல் சும்மா வைத்திருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் நிற்கும். காய்ந்த தோலுக்கு அது சுருக்கென்று தெரியும், அவ்வளவுதான். வியர்வையில் ஊறிய பனியன், நனைந்த கையுறை, வெறுங்காலில் வாய்க்கால் ஓரத்து ஈரமண் சேர்ந்தால் அதே வோல்ட் உயிரை எடுக்கும். இந்த ஷாக் இயந்திரத்தின் வெளிப்பக்கத்தில் நடப்பது. மெயின் போர்டில் இருக்கும் கசிவு தடுப்பானுக்கு இது தெரியாது, அது விழாது. கசிவு தடுப்பான் கட்டாயம் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. காய்ந்த மரப்பலகை மீதோ ரப்பர் விரிப்பு மீதோ நின்று வேலை செய்யுங்கள். ராடு மாற்றும்போது காய்ந்த கையுறை இருக்கட்டும். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். புதிதாக இயந்திரம் வாங்குகிறவர்கள் வி.ஆர்.டி. வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டாத நேரத்தில் ஹோல்டரில் நிற்கும் வோல்ட்டை அது பாதுகாப்பான அளவுக்குக் குறைத்துவிடும்.

பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து அதில் ஒயரைக் கொக்கி போட்டு ஓட்டுவதும் நடக்கிறது. இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட். 230 வோல்ட் இயந்திரம் அங்கேயே கருகும், அல்லது ஆள் கருகுவார். இலவச மின்சாரம் தரப்படுவது பாசனத்துக்கு. வெல்டிங் ஓட்ட எந்த இணைப்பு, என்ன கட்டணம் என்பதை மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய இயந்திரமும் முழுத் திறனில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக வைத்தே ஓட்டினால் சுருள் சூடேறி உருகும். முழுதாக விரித்துப் போடுங்கள்.

இரவில் வரும் வலி, மறுநாள் வரும் காய்ச்சல்

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் உடனே வலிக்காது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தி நீர் கொட்டும். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு, கற்றாழை என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் தாமாகவே தொடர்ந்து விட்டுக்கொள்வது கருவிழியைக் கெடுக்கும்.

சாதாரண கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது. 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி போட்ட முகக் கவசம் வேண்டும். முகத்தையும் கழுத்தையும் அது சேர்த்து மறைக்க வேண்டும். நம் ஊரில் வெல்டிங் செய்பவரைவிடப் பாவம் பக்கத்தில் நிற்பவர்கள்தான். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும் மனைவி, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், வேலைக்கு வந்த ஆள். பிடிப்பதற்கு ஆள் வேண்டாம், ஜி-கிளாம்ப் இரண்டு வாங்குங்கள். பிள்ளைகளை விரட்டிவிடுங்கள்.

புகையைப் பற்றி. பண்ணைக் கூண்டும், நிழல்வலைக் குடிலின் குழாய்களும், வேலிக் கம்பமும் பெரும்பாலும் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசியவை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆகவே ஜி.ஐ. குழாயை ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பியே தீரும். அதைச் சுவாசித்தால் அன்று மாலையோ இரவோ குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. மழை நேரத்தில் இதை வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. ஓரிரு நாளில் தானாகத் தணியும். மூச்சுத் திணறல் இருந்தாலோ இரண்டு நாளைத் தாண்டினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கே, என்ன புகையைச் சுவாசித்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் குடித்தால், வெல்லம் தின்றால் புகை முறிந்துவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

ஒட்டும் இடத்தின் இருபுறமும் ஓரிரு அங்குலத்துக்குத் துத்தநாகத்தைத் தேய்த்து நீக்கிவிடுங்கள். காற்று முதுகுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீசும்படி நின்று, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். புகைத்தூணுக்கு நடுவில் தலையை நீட்ட வேண்டாம். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. என்95 தரத்துக்குக் குறையாத முகமூடி போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாதத்துக்கு ஒருநாள் ஒட்டும் விவசாயிக்கும் தினமும் ஒட்டுகிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அதற்காகப் புகையை வலிய வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

உடை: பருத்தி முழுக்கைச் சட்டை, பேன்ட், தோல் காலணி, தோல் கையுறை. லுங்கியும் பாலியஸ்டரும் ஆகாது, பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் லைட்டர் இருக்கக் கூடாது.

ராடு பிடிக்கப் பழகுவது

கலப்பையில் பழகாதீர்கள். ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பழைய தகட்டுத் துண்டுகள் பத்து வாங்கி அவற்றில் பழகுங்கள். ராடு, சாதாரண இரும்புக்கு 6013 வகை போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். கடையில் 12 கேஜ் என்பது 2.5 மில்லிமீட்டர், 10 கேஜ் என்பது 3.15 மில்லிமீட்டர். முன்னதற்கு 60 முதல் 90 ஆம்பியர், பின்னதற்கு 90 முதல் 130 ஆம்பியர். ராடு பாக்கெட்டின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். பூஞ்சணம் பிடித்த, மேற்பூச்சு உதிர்ந்த ராடைத் தூக்கிப் போடுங்கள்.

எண்பது சதவீத வேலை ராடு தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பேன். துரு, பெயிண்ட், மண், கிரீஸ் எதுவும் இல்லாமல் இரும்பு வெள்ளையாகப் பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும். கனத் தகடாக இருந்தால் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, நடுவில் ராடின் கனத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விடுங்கள். முதலில் இரு முனையிலும் புள்ளி வைத்துப் பிடிக்க வைத்து, கோணம் சரியா என்று பார்த்த பிறகே முழுதாக ஒட்ட வேண்டும். இரும்பு சூட்டில் இழுக்கும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் சட்டம் வளைந்துவிடும்.

தீக்குச்சி உரசுவது போல ராடை உரசி, பொறி பிடித்ததும் லேசாகத் தூக்குங்கள். தூக்கும் உயரம் ராடின் கம்பிக் கனம் அளவுதான். அதற்கு மேல் போனால் பொறி சிதறி ஒட்டு ஓட்டை ஓட்டையாக விழும். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பதற்றப்படாமல் முறுக்கி இழுங்கள். வரவில்லையென்றால் ஹோல்டரை விடுவித்துக்கொள்ளுங்கள். ராடைப் போகும் திசைக்குச் சற்றுச் சாய்த்து, தன்பக்கமாக இழுத்துக்கொண்டு வாருங்கள். பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல, அதன் பின்னால் மின்னும் உருகிய குட்டையை. அந்தக் குட்டை இரண்டு பக்கத் தகட்டையும் தொட்டு நனைக்கிறதா என்பதுதான் கேள்வி. ராடின் கனத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு அகலம் இருந்தால் போதும். காதும் உதவும். சரியான ஆர்க், காய்ந்த எண்ணெயில் வடை வேகும் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். பட் பட்டென்று வெடித்தால் ஏதோ சரியில்லை.

கசடை ஆறிய பிறகு தட்டி எடுங்கள். அப்போது வெள்ளைக் கண்ணாடி கட்டாயம். வெல்டிங்கின்போது கவசம் போட்ட எத்தனையோ பேர் கசடு தட்டும்போது அதைத் தூக்கிவிட்டுக் கண்ணில் சூடான துணுக்கை வாங்குகிறார்கள். கசடு எடுக்காமல் மேலே இன்னொரு வரிசை போட்டால் அது உள்ளேயே புதைந்து, அங்கேதான் நாளை விரிசல் விடும்.

பழகியதைச் சோதிக்க ஒரு வழி. இரண்டு துண்டுகளை 'டி' எழுத்து போல நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஆறியதும் நிற்கும் தகட்டை ஒட்டிய பக்கமாகவே சம்மட்டியால் அடித்து மடக்கி உடையுங்கள். ஒட்டு ஒரு பக்கத் தகட்டிலிருந்து தோல் போல உரிந்து வந்தால், கரண்ட் குறைவு, வெறுமனே மேலே படிந்திருக்கிறது. உடைந்த இடத்தில் ஓட்டைகளும் கறுப்புக் கசடும் தெரிந்தால் ஆர்க் நீளம், சுத்தம் இரண்டையும் கவனியுங்கள். மடங்கி, இழுபட்டு, கடைசியில்தான் கிழிகிறது என்றால் கலப்பைச் சட்டத்தைத் தொடலாம்.

ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும் கொழு

நன்றாகத்தான் ஒட்டினோம், ஒட்டு அப்படியே இருக்கிறது, அதற்கு அரை அங்குலம் தள்ளி முறிந்துவிட்டதே என்று பல விவசாயிகள் கேட்பார்கள். குற்றம் ராடு மேல் இல்லை, எஃகின் மேல்.

கலப்பைச் சட்டம், டிரெய்லர் சட்டம் போன்றவை சாதாரண இரும்பு, அதில் கார்பன் கால் சதவீதத்துக்கு மேல் இருக்காது. கொழுவும் கொத்தும் தேயாமல் உழைக்க வேண்டும் என்பதற்காகக் கார்பன் கூடுதலாக உள்ள எஃகில் செய்யப்படுகின்றன. இந்த வட்டாரத்தில் லாரிப் பட்டைக்குப் பஞ்சமில்லை. பழைய பட்டையை வெட்டியே கொழு செய்கிறார்கள். அதில் அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கிறது. கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி போலக் கடினமாகும். கடினமான அளவுக்கு நொறுங்கவும் செய்யும் என்பதால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவார். கார்பன் கூடிய எஃகின் குணம் இந்தப் பக்கத்து மக்களுக்கு நெடுநாள் பழக்கம். பக்கத்து ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்விலேயே எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

லாரிப் பட்டையில் ராடு வைத்தால் இதே தோய்த்தல்தான் நடக்கிறது, நமக்குத் தெரியாமல். ஒட்டும் இடம் உருகுகிறது. அதை ஒட்டிய ஒரு சிறு பட்டை பழுக்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் தண்ணீர் போல உறிஞ்சிவிடுகிறது. அந்தச் சிறு பட்டை கண்ணாடியாகிறது. முதல் கல்லில் தட்டியதும் அங்கேதான் முறியும்.

எந்த இரும்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரவைச் சக்கரத்தில் தொட்டுப் பாருங்கள். சாதாரண இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடும், கிளை குறைவு. கார்பன் கூடிய எஃகில் கோடு குட்டையாகி, நுனியில் மத்தாப்பு போலப் பூப்பூவாக வெடிக்கும். தெரிந்த ஆங்கிள் துண்டு ஒன்றையும் பட்டைத் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் குழப்பம் வராது.

அப்படிப்பட்ட எஃகை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் முழுத் துண்டையும் 200 முதல் 300 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம்: ரேடியோ பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் 60-40 சாலிடர் கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். சுத்த ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். சூடான எஃகில் தொட்டால் சாலிடர் உருக வேண்டும், ஈயம் உருகக் கூடாது. ராடு 7018 வகையாக இருக்க வேண்டும். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமானால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து மறுநாள் விரிசல் விடும். ஆகவே பாக்கெட்டை அன்று பிரித்து அன்றே முடியுங்கள். ஒட்டி முடித்ததும் தண்ணீரில் போடாதீர்கள். காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்துவிடுங்கள். காலையில் எடுத்தால் போதும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்கிறேன்: போல்ட்டில் மாட்டும் கொழுவுக்கு இந்தப் பாடு தேவையில்லை. பருவம் தொடங்கும் முன் இரண்டு செட் கொழுவும் போல்ட்டும் வாங்கி வைப்பது மலிவு. உங்கள் ராடுக்கு வேலை சட்டத்தில் விரிசல், கதவு, வேலிக் கம்பம், தீவனத் தொட்டி, பந்தல் கம்பி ஆகியவற்றில் நிறைய இருக்கிறது.

சில பாகங்களில் ஒட்டு விட்டால் ஆள் போய்விடுவார். டிரெய்லர் இழுவைக் கொக்கி, அச்சு, டிராக்டரின் மூன்று முனை இணைப்புக் கைகள், ஸ்டீயரிங், பிரேக் பாகங்கள், பி.டி.ஓ. தண்டு, கம்ப்ரசர் காற்றுத் தொட்டி ஆகியவை அந்த வகை. இவற்றைத் தகுதி பெற்ற வெல்டரிடமோ நிறுவனத்தின் சேவை மையத்திடமோ விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த டிரெய்லரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகப்போவது உங்கள் உறவினர்கள்தான்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவு இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இதே தொழிலில் மேலே போக நினைக்கிறவர்களுக்குத் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. விவசாயிகளுக்கு ஓரிரு நாள் பயிற்சி வேண்டுமானால் பத்துப் பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, சேலத்தில் சந்தியூரிலும் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ மனு கொடுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கேட்டால் இன்னும் நல்லது. விரிவாக்கப் பணியாளர்கள் கருவி பராமரிப்புப் பயிற்சியின் நிரலில் இதற்கு அரை நாள் ஒதுக்கலாம். மேலே சொன்ன 'டி' உடைப்புச் சோதனையை அங்கே செய்து காட்டினால், பத்துப் பக்கத் துண்டுப் பிரசுரம் சொல்வதைவிட அதிகம் புரியும்.

இயந்திரம் வாங்கியவர்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில், சுவிட்சுக்கு மேலே, 108, 101 ஆகிய இரு எண்களைப் பெரிதாக எழுதி வையுங்கள். ஷாக் அடித்தவரைத் தொடும் முன் சுவிட்சை நிறுத்த வேண்டும் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அந்தச் சுவிட்ச் எது என்று அவர்களுக்குக் காட்டியிருக்கிறீர்களா?